வாயுவில் மிதக்கும் துளிகளைப் பிடிக்கும் மெஷ் பேட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்ரசருக்கு முன்னால் நின்று வாயுவிலிருந்து திரவத்தைப் பிரிக்கும் செபரேட்டர்களையும் ஆவியாக்கும் கலன்களையும் ஆண்டுப் பராமரிப்புக்குத் திறக்கும்போதெல்லாம், மேன்ஹோல் ஓரத்தில் நிற்பவர்கள் ஏறக்குறைய ஒரே ஐயங்களையே எழுப்புகிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பிற்பகுதி விடைகள் முற்பகுதி விடைகளைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது. வேறு குறிப்பு இல்லாத இடங்களில் எண்கள் அனைத்தும், வாயு கீழிருந்து மேலே செல்லும் செங்குத்துக் கலனுக்கும், துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் ஆன சாதாரண பேடுக்கும் உரியவை.

மெஷ் பேட் என்றால் என்ன? பார்த்தால் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் மாதிரி இருக்கிறதே?

ஒப்புமை தவறில்லை, ஆனால் கம்பி நார் தாறுமாறாகச் சுருண்டது, இது ஒழுங்காகப் பின்னப்பட்டது. ஏறத்தாழ 0.28 மி.மீ. தடிமனுள்ள கம்பியை, திருப்பூரில் பனியன் துணி பின்னுவதைப் போலவே வட்டமான குழாய்த் துணியாகப் பின்னி, தட்டையாக அழுத்தி, அதில் சாய்வான மடிப்புகளை ஏற்றுகிறார்கள். அடுத்தடுத்த அடுக்குகளின் மடிப்புகள் எதிரெதிர்த் திசையில் சாய்ந்திருப்பதால் ஓர் அடுக்கு இன்னொன்றுக்குள் பதிந்துவிடாமல் இடைவெளி நிலைக்கிறது. இப்படி அடுக்கி 100 அல்லது 150 மி.மீ. தடிமனுக்குக் கொண்டுவந்ததே மெஷ் பேட். பனிமூட்டத்தைப் பிரிப்பது என்ற பொருளில் டெமிஸ்டர் என்றும் அழைக்கிறார்கள். அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்து பொதுப் பெயராகிவிட்ட சொல்.

பெரும்பாலும் பயன்படும் வகையில் ஒரு கன மீட்டருக்கு 144 கிலோ கம்பி இருக்கும். அதே இடத்தைத் திட எஃகால் நிரப்பினால் கிட்டத்தட்ட 8,000 கிலோ ஆகும் என்பதை நினைத்தால், பேடின் கன அளவில் 98 சதவீதம் வெற்றிடம் என்பது புரியும். அந்த மிச்ச 2 சதவீதம் எஃகு, கன மீட்டருக்கு ஏறத்தாழ 280 சதுர மீட்டர் பரப்பைத் துளிகளுக்குக் காட்டுகிறது.

வாயுவில் கொஞ்சம் துளி இருந்தால் என்ன கெட்டுவிடும்? ஈரம்தானே?

அந்தத் துளி எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தது. பிஸ்டன் கம்ப்ரசருக்குள் திரவம் புகுந்தால், அது வாயுவைப் போல அமுங்காது என்பதால் வால்வுகள் உடையும். சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டுத் தேய்மானம் பெருகும். இயற்கை எரிவாயுவை உலர்த்தும் கோபுரத்தில், ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கால் (glycol) என்ற திரவம் துளியாகப் பறந்தால் ஒவ்வொரு நாளும் பணம் பறக்கிறது என்று பொருள். கந்தக அமில ஆலையில் உறிஞ்சு கோபுரத்தைத் தாண்டும் அமிலத் துளி அடுத்த கருவிகளை அரித்துவிடும்.

கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீராக்கும் ஆலைகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தோடு இணைந்த ஆலையின் வெப்ப முறைப் பிரிவு நாளொன்றுக்கு 45 லட்சம் லிட்டர் திறனுடையது. அத்தகைய ஆலைகளில், கொதிக்கும் உப்புநீருக்கும் ஆவி ஒடுங்கும் குழாய்களுக்கும் இடையில் நிற்பது இந்த வலைதான். ஆவியில் உப்பு இராது. ஆனால் ஆவியோடு தொற்றிச் செல்லும் துளியில் கடலின் உப்பைவிடச் செறிவான உப்பு இருக்கும்.

இது ஒரு வடிகட்டிதானே? வலையின் ஓட்டையைவிடப் பல மடங்கு சிறிய துளி அதில் எப்படி நிற்கும்?

வடிகட்டி அல்ல. இந்த ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டால் பின்வரும் கேள்விகளில் பாதி தாமாகவே விடை கண்டுவிடும். வலையின் இடைவெளிகள் மில்லிமீட்டர் கணக்கில் இருக்க, பிடிக்க வேண்டிய துளிகளோ மைக்ரான் கணக்கில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் இருக்கின்றன. சல்லடை முறையில் ஒன்றுகூட நிற்காது.

பேருந்து வளைவில் சட்டென்று திரும்பும்போது நின்றிருப்பவர் திரும்பாமல் நேராகச் சென்று பக்கத்துக் கம்பியில் மோதுவது போன்றதுதான் இங்கே நடப்பது. வாயு கம்பியைச் சுற்றி வளைந்து செல்லும்; அதைவிடப் பல மடங்கு அடர்த்தியுள்ள துளி வளைய முடியாமல் கம்பியில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துளிகள் ஒன்றுசேர்ந்து கம்பி வழியே ஓடி, கம்பிகள் கூடும் முடிச்சுகளில் பருத்து, ஏறிவரும் வாயுவையும் மீறிக் கீழே சொட்டும். ஆகவே இந்தக் கருவி செய்வது இரண்டு வேலைகள்: பிடிப்பது, பிடித்ததை வடிப்பது. தொல்லைகளில் பெரும்பாலானவை இரண்டாவது வேலையில்தான் பிறக்கின்றன.

எவ்வளவு சிறிய துளி வரைக்கும் பிடிக்கும்?

சாதாரண எஃகுப் பேட், சரியான வேகத்தில், 5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துளிகளை நம்பகமாகப் பிடிக்கும். கம்பியோடு கண்ணாடி இழையையோ டெஃப்லான் இழையையோ சேர்த்துப் பின்னினால் 2, 3 மைக்ரான் வரை இறங்கலாம். 1 மைக்ரானுக்குக் கீழுள்ள புகை போன்ற மூட்டத்துக்கு இது ஏற்றதல்ல; அதற்கு இழைப் படுகை வடிப்பான்கள் வேறு இருக்கின்றன. மோதும் தன்மை வாயுவின் வேகத்தோடு கூடும்; துளி விட்டத்தின் இருமடியையும் அது சார்ந்திருப்பதால், விட்டம் பாதியானால் கால் பங்காகக் குறைந்துவிடுகிறது.

எனவே எந்தத் துளி வருகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். குழாயில் திரவம் சிதறியோ கொதித்துத் தெறித்தோ உண்டாகும் துளிகள் பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு மேல். சூடான ஆவி சட்டென்று குளிர்ந்து உருவாகும் மூட்டமோ மிக நுண்ணியது. துளியின் அளவைச் சொல்லாமல் ‘99.9 சதவீதம் பிடிக்கும்’ என்று விலைப்புள்ளியில் எழுதித் தருபவரிடம், எத்தனை மைக்ரானுக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேகம் கூடினால் நன்றாக மோதும் என்கிறீர்கள். அப்படியானால் கலனை ஏன் இவ்வளவு பெரிதாகச் செய்து வேகத்தைக் குறைக்கிறோம்?

மேலே சொன்ன இரண்டாவது வேலைக்காக. வேகம் ஏற ஏற, வடிந்து இறங்க வேண்டிய திரவத்தை வாயு தாங்கிப் பிடிக்கத் தொடங்கும். பேடின் அடிப்பகுதியில் ஈரமான பகுதி தடித்து மேல் நோக்கி வளரும். ஓர் எல்லையைத் தாண்டியதும் பேட் முழுவதும் திரவம் தேங்கி, மேற்பரப்பிலிருந்து பெரிய துளிகளாகக் கிழிபட்டு வாயுவோடு பறக்கும். ஃப்ளடிங் என்று சொல்வது இதைத்தான்.

அந்த நிலையில் பேட் எல்லாத் துளிகளையும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பிடித்ததையே மறுபடியும் மேலே கொடுத்துவிடுகிறது. உள்ளே வந்த நுண்துளிகள் பெருந்துளிகளாகி வெளியேறுவதால், பேட் இல்லாமலிருந்ததைவிட நிலைமை மோசமாகிவிட்டதாகவே கம்ப்ரசர் பக்கம் உணர்வார்கள்.

அந்த எல்லை வேகத்தைக் கணக்கிடுவது எப்படி?

அமெரிக்கப் பொறியாளர்களான மாட் சவுடர்ஸும் ஜார்ஜ் கிரேஞ்சர் பிரௌனும் 1934இல் காய்ச்சி வடிக்கும் கோபுரங்களுக்காக வெளியிட்ட உறவையே இன்றும் பயன்படுத்துகிறோம். திரவ அடர்த்தியிலிருந்து வாயு அடர்த்தியைக் கழித்து, அதை வாயு அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, கே என்ற எண்ணால் பெருக்க வேண்டும். மெஷ் பேடுக்கு வழக்கமான கே மதிப்பு நொடிக்கு 0.107 மீட்டர்.

ஓர் எடுத்துக்காட்டு. சுமார் 10 பார் அழுத்தத்தில் இயற்கை எரிவாயு, அடர்த்தி கன மீட்டருக்கு 8 கிலோ. பிரிக்க வேண்டிய எண்ணெய்த் திரவம் 700 கிலோ. 692ஐ 8ஆல் வகுத்தால் 86.5, வர்க்கமூலம் 9.3, 0.107ஆல் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். ஓட்டம் நொடிக்கு 1.2 கன மீட்டர் என்றால் 1.2 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். ஓட்டத்தை அந்த அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் உள்ள உண்மைக் கன அளவாகவே எடுக்க வேண்டும். மீட்டர் காட்டும் திட்ட நிலை அளவை, அதாவது வளிமண்டல அழுத்தத்துக்கு மாற்றிச் சொல்லும் கன அளவை, அப்படியே போட்டுப் பத்து மடங்கு பெரிய கலனை வரைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கே மதிப்பு புத்தகத்துக்குப் புத்தகம் வேறாக இருக்கிறது. எதை எடுப்பது?

0.107 என்பது தொடக்கப் புள்ளி மட்டுமே. சூழலுக்கு ஏற்ப அதைக் குறைக்க வேண்டும். 7 பாருக்கு மேல் ஒவ்வொரு 7 பாருக்கும் 0.003 கழிப்பது எரிவாயுத் துறையின் வழக்கம். ஆகவே 70 பாரில் அது 0.080 ஆகிவிடும். நுரைக்கக்கூடிய அமீன், கிளைக்கால் கரைசல்களுக்கு மதிப்பை 0.6 முதல் 0.8 வரையான எண்ணால் பெருக்குகிறார்கள். கம்ப்ரசருக்கு முன்னால் நின்று துளிகளைப் பிரிக்கும் கலனான ஸ்க்ரப்பருக்கு 0.7 முதல் 0.8 வரை.

முந்தைய எடுத்துக்காட்டு கம்ப்ரசருக்கானது என்றால், 0.75ஆல் பெருக்கி வேகம் நொடிக்கு 0.75 மீட்டராகவும், பரப்பு 1.6 சதுர மீட்டராகவும், விட்டம் 1.43 மீட்டராகவும் மாறும். வாயு கிடையாகச் செல்ல, பேட் செங்குத்தாக நிற்கும் அமைப்பில், திரவம் வாயுவுக்கு எதிராக இறங்க வேண்டியதில்லை என்பதால் கே சற்றுக் கூடுதலாகவே எடுக்கப்படுகிறது.

ஆலை இப்போது கால் பங்கு சுமையில்தான் ஓடுகிறது. வேகம் குறைவு, ஆகவே பிரிப்பு நன்றாக இருக்கும் அல்லவா?

இருக்காது. வடிவமைப்பு வேகத்தில் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்துளிகள் மோதாமல் வாயுவோடு சேர்ந்து வளைந்து தப்பிவிடும். பேருந்து மெதுவாகத் திரும்பினால் யாரும் சாய்வதில்லை. பெரிய துளிகள் மட்டும் பேடுக்கு வரும் முன்பே தம் எடையால் விழுந்துவிடும் என்பது ஓர் ஆறுதல். மேல் எல்லையாக 110 சதவீதம் வரை பொதுவாகத் தாங்கும்.

150 மி.மீ.க்குப் பதில் 300 மி.மீ. போட்டால் இரட்டிப்புப் பாதுகாப்புதானே?

நன்றாக மோதும் துளிகளுக்குத் தேவையில்லை, மோதாத துளிகளுக்குப் போதாது. முதல் விடையில் சொன்ன பேடை எடுத்துக்கொள்வோம். ஒரு தனிக் கம்பி தன் பாதையில் வரும் குறிப்பிட்ட அளவுத் துளிகளில் பாதியைப் பிடிக்குமானால், 150 மி.மீ. தடிமனே ஏறத்தாழ 99 சதவீதத்தைப் பிடித்துவிடும். அந்தக் கம்பி 2 சதவீதத்தை மட்டுமே பிடிக்கும் அளவுக்குத் துளி நுண்ணியது என்றால், 150 மி.மீ. பேட் 16 சதவீதத்தைப் பிடிக்கும், 300 மி.மீ. பேட் 30 சதவீதத்தைப் பிடிக்கும். அங்கே தேவைப்படுவது மெல்லிய கம்பி அல்லது இழை, தடிமன் அல்ல.

தடிமனுக்கு விலையும் உண்டு. கடல்நீர் ஆலையின் கடைசி நிலைகளில், 40 டிகிரி செல்சியஸ் அளவில் ஆவியாகும் இடத்தில், பேடில் 10 மி.மீ. நீர் உயர அழுத்தம் இழந்தால் ஆவி ஒடுங்கும் வெப்பநிலை ஏறத்தாழ கால் டிகிரி குறைகிறது. நிலைக்கு நிலை இரண்டு மூன்று டிகிரி மட்டுமே கையில் இருக்கும் ஆலைக்கு அது சிறு தொகையல்ல.

பேட் புத்தம் புதியது, கணக்கும் சரியாக இருக்கிறது. ஆனாலும் துளி போகிறது. எங்கே தேடுவது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பேடைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் தேடுங்கள் என்பதே என் விடை. முன்பு ஓர் ஆலையில், கம்ப்ரசர் ஸ்க்ரப்பரில் அடுத்தடுத்து இரண்டு முறை பேடை மாற்றியும் துளி நிற்கவில்லை. மூன்றாவது முறை உள்ளே இறங்கியவர் மேலே பார்க்காமல் கீழே பார்த்தார்: நுழைவாயில் தடுப்புத் தகடு கழன்று கலனின் அடியில் கிடந்தது. உள்ளே பாயும் வாயு எதிர்ச்சுவரில் மோதி, பேடின் ஒரு பக்கத்தில் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. சராசரி வேகம் கணக்குப்படி சரி. அந்தப் பாதியில் மட்டும் ஃப்ளடிங், மறு பாதியில் சும்மா. எத்தனை பேட் வாங்கினாலும் அது தீராது.

அடுத்துப் பார்க்க வேண்டியது விளிம்பு. மேன்ஹோல் வழியே உள்ளே போக வேண்டும் என்பதால் பெரிய பேட்கள் சுமார் 300 மி.மீ. அகலத் துண்டுகளாக வருகின்றன. துண்டுகளைச் சற்றுப் பெரிதாக வெட்டி நெருக்கித் திணிக்க வேண்டும். அவசரத்தில் இளக்கமாக வைத்தால் துண்டுகளுக்கு இடையிலும் சுவரோரத்திலும் வாயுவுக்குக் குறுக்கு வழி கிடைத்துவிடும். பேடைத் தாங்கும் வளையத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: 1.43 மீட்டர் விட்டத்தில் 50 மி.மீ. அகல வளையம் போட்டால் வாயுவுக்குத் திறந்த பரப்பில் 13 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது.

பிறகு வெளியேறும் வாய். அது பேடுக்கு மிக அருகில் இருந்தால் வாயு முழுவதும் நடுப்பகுதி வழியாகவே உறிஞ்சப்படும். வாயின் விளிம்பிலிருந்து 45 டிகிரிச் சாய்வில் கோடு இழுத்தால் அது பேடின் ஓரத்தைத் தொட வேண்டும் என்பது எளிய விதி. நம் கலனில் 400 மி.மீ. வாய் என்றால் அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி. இவை எல்லாம் சரியாக இருந்தால், அடியிலுள்ள திரவ மட்டத்தையும் நுரையையும் பாருங்கள். நுரை பேடைத் தொட்டுவிட்டால் எந்தக் கணக்கும் செல்லாது.

பேடின் அழுத்த இழப்பு மீட்டர் பூஜ்யத்தையே காட்டுகிறது. பேட் சுத்தமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள். நல்ல பேடின் இழப்பு 25 மி.மீ. நீர் உயரத்துக்குள்ளேயே இருக்கும். பார் கணக்கில் அளக்கும் மீட்டருக்கு அது கண்ணில் படாது. நுண்ணிய மீட்டர் வைத்திருந்து, வழக்கமாகக் காட்டிய அளவு திடீரென்று பூஜ்யமாகியிருந்தால், பேடே தன் இடத்தில் இல்லை என்று ஐயப்பட வேண்டும். கலனின் அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும்போது வாயு பாய்ந்து பேடைத் தூக்கி எறிந்துவிடும். மேலே பிடிப்புச் சட்டமும் கொக்கி போல்ட்டுகளும் இல்லாதபோதும், கம்பிக் கட்டு அரித்துப் போனபோதும் இது நடக்கிறது. பிய்ந்த கம்பித் துணுக்குகள் கம்ப்ரசரில் போய்ச் சேரும்.

மாறாக, ஓட்டம் மாறாமலே இழப்பு மெல்ல மெல்ல ஏறினால் அடைப்பு. ஓட்டத்தைச் சற்றே கூட்டியதும் இழப்பு குதித்தால் ஃப்ளடிங்.

எந்த உலோகத்தில் வாங்குவது? கலன் கார்பன் எஃகுதான், பேடையும் அதிலேயே வாங்கினால் மலிவாயிற்றே?

கலனின் சுவருக்கு அரிப்புக்கென்று 3 மி.மீ. கூடுதல் தடிமன் வைக்கலாம், 0.28 மி.மீ. கம்பிக்கு அப்படி எதுவும் வைக்க முடியாது. ஆண்டுக்கு 0.1 மி.மீ. அரிப்பு என்பது சுவருக்குப் பொறுத்துக்கொள்ளத் தக்கது. கம்பியோ சுற்றிலும் அரிபடுவதால் ஆண்டுக்கு 0.2 மி.மீ. விட்டத்தை இழந்து, ஒன்றரை ஆண்டுக்குள் இல்லாமலே போய்விடும்.

ஆகவே பேடின் உலோகம் கலனின் உலோகத்தைவிட எப்போதும் ஒரு படி மேலாக இருக்க வேண்டும். பொதுப் பணிக்கு 304, உப்பு கலந்த இடத்தில் 316 எல் (இரண்டும் துருப்பிடிக்காத எஃகு வகைகள்), கந்தக அமிலத்துக்கு அலாய் 20 என்ற உலோகக் கலவை அல்லது டெஃப்லான் என்று வழக்கங்கள் உண்டு. அமில வாயுக் கழுவு கோபுரங்களில் பாலிப்ரோப்பிலீன் நன்றாக உழைக்கும். ஆனால் 80 டிகிரியை நெருங்கும்போதே அது இளகத் தொடங்கும் என்பதால், குளிர்நீர் நின்றுபோனால் என்ன வெப்பம் வரும் என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

அடைத்துக்கொண்டால் எப்படிச் சுத்தம் செய்வது?

உப்போ கரையக்கூடிய படிவோ என்றால், பேடின் அடிப்பக்கத்திலிருந்து நீர் தெளிப்பது முதல் வழி. ஆலை ஓடும்போது தெளித்தால் அந்த நேரத்துக்குத் துளி வெளியேறுவது கூடும். எனவே விட்டு விட்டு, சுமை குறைவான வேளையில் தெளிக்க வேண்டும். தார், மெழுகு, பாலிமர் போன்றவற்றுக்கு வெளியே எடுத்துத் தக்க கரைப்பானில் ஊறவைக்க வேண்டும். உயர் அழுத்த நீர்ப்பீச்சியால் அடித்தால் அடுக்குகள் நசுங்கி, அழுக்கு உள்ளே இன்னும் ஆழமாகப் போய்விடும். உள்ளே இறங்குபவர்கள் பேட் மீது நேரடியாகக் கால் வைக்காமல் பலகை போட்டுக்கொள்ள வேண்டும். மிதித்த இடம் மறுபடி எழும்பாது.

அடிக்கடி அடைக்கிறது. பேடை எடுத்துவிட்டு வேன் பேக் போட்டால் தொல்லை தீருமா?

அடைப்புத் தொல்லை தீரலாம். வளைந்த தகடுகளாலான வேன் பேக்கில் இடைவெளி பெரிது என்பதால் அழுக்கு எளிதில் கழுவிப் போகும். கூடுதல் வேகத்தையும் தாங்கும். ஆனால் அது நம்பகமாகப் பிடிப்பது ஏறத்தாழ 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகளை மட்டுமே. 5 மைக்ரான் துளிகள்தான் உங்கள் தொல்லை என்றால், ஒன்றை விட்டு இன்னொன்றை வாங்கிக்கொண்டதாகிவிடும்.

இரண்டையும் சேர்த்து வைப்பதும் உண்டு: முதலில் மெஷ் பேட், அதற்கடுத்து வேன். அந்த அமைப்பில் பேட் வேண்டுமென்றே ஃப்ளடிங் வேகத்தில் இயக்கப்படுகிறது. நுண்துளிகளைப் பெருந்துளிகளாக்கித் தருவது மட்டுமே அதன் வேலை. பிடித்து வடிப்பதை வேன் பார்த்துக்கொள்கிறது. மேலே குறையாகச் சொன்ன அதே குணம் இங்கே பயனாகிறது.

கலனைத் திறந்து சற்று நேரத்தில் பேட் புகைய ஆரம்பித்தது. தீ எங்கிருந்து வந்தது?

ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள வாயுவில் இரும்புத் துரு, இரும்பு சல்ஃபைடாக மாறுகிறது. கலனுக்குள் ஆக்சிஜன் இல்லாதவரை அது சாதுவான கரும்பொடி. காற்றுப் பட்டதும் தானாகச் சூடாகி எரியக்கூடியது. மேலேயுள்ள குழாய்களிலிருந்தும் சுவர்களிலிருந்தும் வந்த பொடி முழுவதையும் பேட் தன் பரந்த பரப்பில் சேர்த்து வைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கும் கூடவே இருக்கிறது. 98 சதவீத வெற்றிடம் காற்றுக்கு வழி விடுகிறது. அடுப்பு மூட்ட இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை.

ஆகவே அத்தகைய பணியிலுள்ள கலனைத் திறக்கும் முன் பேடை நன்றாக நனைக்க வேண்டும். வெளியே எடுக்கும் வரையிலும் எடுத்த பின்னும் ஈரம் காயவிடக் கூடாது. கழற்றிய துண்டுகளைக் குப்பை வண்டியில் போட்டு வெயிலில் நிறுத்தினால், உள்ளே பிடிக்காத தீ வண்டியில் பிடிக்கும். தண்ணீர் நிரப்பிய தொட்டியில் போட்டு, பாதுகாப்புப் பிரிவு சொல்லும் முறைப்படி சல்ஃபைடை நீக்கிய பிறகே பழைய இரும்பாகத் தள்ளலாம்.